துப்பாக்கிக் கட்டையின் கதை



மழைக்காலம் பிடித்துக்கொண்டால் லயத்து வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதையும், வெயில் காலத்தில் அதே கதவு சிறு காற்றுக்கும் தடதடவென்று ஆடுவதையும் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மண்வெட்டிக் காம்பு தளர்ந்துவிட்டால் இரவே அதை வாளித் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, காலையில் அது இறுகியபின் வேலைக்கு எடுத்துச் செல்வதும் நாம் அறிந்த வழக்கமே. மரம் ஈரத்தைக் குடித்தால் பருக்கும். ஈரம் போனால் சுருங்கும். நீளவாக்கில் அது நீளுவது மிகவும் சொற்பம். குறுக்குவாக்கில்தான் பருக்கிறது. மண்வெட்டிக்கு நன்மை செய்யும் இந்தக் குணம் துப்பாக்கிக்குத் தீமை செய்தது. அந்தத் தீமையைப் போக்க, மரத்துக்குப் பதிலாகக் கண்ணாடி நாரினால் துப்பாக்கிக்குக் கட்டை செய்யும் நிலைக்கு மனிதன் வந்து சேர்ந்தான். அந்தக் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம்.

துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றிய உரையல்ல இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதன்பின் 1971-இல் வந்த கடுந்தண்டனைச் சட்டமும் அதைக் கண்டிப்பாகச் சொல்கின்றன. நாம் பேசப்போவது ஒரு கைத்தொழிலின் வரலாறு. இரும்புக்கும் மரத்துக்கும் இடையே உள்ள பொருத்தத்தின் வரலாறு.

நீண்ட துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டால், சுடுவது இரும்பு; பிடித்துக்கொள்வது கட்டை. தோளில் அணைப்பதும், கன்னத்தில் படுவதும், கையில் தாங்குவதும் கட்டைதான். குழலும் பூட்டும் சேர்ந்த இரும்பு உடல், கட்டையில் குடைந்த பள்ளத்தில் உட்கார்ந்து, இரண்டு மூன்று திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். குண்டு புறப்படும் அந்த நொடியில் குழல் முழுவதும் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அதிர்ந்தால் குண்டும் ஒரே இடத்தில் போய் விழும். ஆனால் ஈரத்தில் பருத்த மரம் குழலை ஒரு பக்கமாக அழுத்தினால் அதிர்வு மாறுகிறது, குறியும் மாறுகிறது. 100 கெஜத்தில் ஓர் அங்குலம் விலகினால், 600 கெஜத்தில் ஆறு அங்குலம் விலகும். சுடுகிறவனின் கண்ணிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. குறை மழையில் இருக்கிறது.

இந்தக் கட்டைக்குப் பல நூற்றாண்டுகளாக விரும்பப்பட்ட மரம் வால்நட். அக்ரூட் பருப்பு தரும் மரம் என்றால் உங்களுக்கு விளங்கும். கனமும் அளவானது, உளிக்கும் இணங்கும், அதிர்ச்சியில் எளிதில் பிளக்காது. உலர்ந்தபின் மற்ற மரங்களைவிடக் குறைவாகவே கோணும். அதைச் செதுக்கிப் பொருத்துவது தனித் தொழில். இரும்பின் அடியில் விளக்குப் புகைக் கரியைப் பூசி, பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் சீவுவார்கள். மீண்டும் வைப்பார்கள், மீண்டும் எடுப்பார்கள். நாள் முழுவதும் உழைத்தால் ஒருவர் ஒன்றிரண்டு கட்டைகளை முடிக்கலாம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் அரசாங்க ஆயுதச் சாலை ஒன்று இருந்தது. அங்கே நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். தாமஸ் பிளான்சார்டு என்ற இயந்திர வல்லுநர் குழலைக் கடையும் பொறி ஒன்றை அமைத்துக் கொடுத்தபோது, குழல் கடைபவர்கள் இனி நம் வேலை போயிற்று என்று வருந்தினார்களாம். பக்கத்தில் நின்ற கட்டைத் தொழிலாளி ஒருவர், வளைந்து நெளிந்த கட்டையை எந்தப் பொறியாலும் கடைய முடியாது, ஆகவே தம் வேலைக்கு ஆபத்தில்லை என்று பெருமையாகச் சொன்னாராம். அதைக் காதில் வாங்கிக்கொண்ட பிளான்சார்டு யோசிக்கத் தொடங்கினாராம். கதை எவ்வளவு உண்மையோ, 1819-இல் அவர் கட்டை கடையும் பொறிக்குக் காப்புரிமை பெற்றது மெய். கடைத்தெருவில் சாவி வெட்டுபவர் பழைய சாவியை ஒரு பக்கமும் புதிய தகட்டை மறுபக்கமும் வைத்து வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். இரும்பில் செய்த மாதிரிக் கட்டை ஒன்றைச் சிறு சக்கரம் தடவிச் செல்ல, அதே தடத்தில் வெட்டுச் சக்கரம் மரத்தைச் சீவும். சில ஆண்டுகளில் அவருடைய 14 பொறிகள் சேர்ந்து ஒரு கட்டையை 22 நிமிடத்தில் முடித்தன.

பெருமை பேசிய அந்தக் கட்டைத் தொழிலாளி என்ன ஆனார் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நமக்கு அவரைப் பற்றித்தான் அறிய ஆசை.

வால்நட் எல்லாக் காலத்திலும் கிடைக்கவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் பத்து இலட்சக் கணக்கில் துப்பாக்கிகள் தேவைப்பட்டபோது, கிடைத்த மரத்தையெல்லாம் எடுத்தார்கள். பிரிட்டனில் பீச், பர்ச் மரங்களைக் கொண்டு செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் லித்கோ என்னும் ஊரின் தொழிற்சாலை, குயீன்ஸ்லாந்து மேப்பிள், கோச்வுட் முதலான உள்நாட்டு மரங்களைப் பயன்படுத்தியது. கோச்வுட் மெதுவான மரம். சுடும்போது இரும்பு பின்னால் உதைக்கிற இடத்தில் அது நசுங்கிவிடும். ஆகவே அந்த இடத்தில் சிறு செப்புத் தகடுகளைப் பதித்தார்கள். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் முன்கட்டை பிளக்காதிருக்கக் குறுக்கே ஒரு திருகாணி போட்டார்கள். மரத்தின் பலவீனத்தை ஊருக்கு ஊர் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தார்கள் என்பதற்கு இவை அடையாளம்.

இந்தத் துப்பாக்கிகள் அனைத்தும் லீ என்ஃபீல்டு என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் தோட்டங்களில் மூத்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் உருவம் நினைவிருக்கும். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டு, அவசரகாலம் பிறந்தபின், தோட்டங்களுக்குக் காவலாக நிறுத்தப்பட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் தோளில் தொங்கியது அதுதான். காலையில் பால் மரம் வெட்டப் போகும் வழியில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். 1960 ஜூலை 31-ஆம் தேதி வரை அந்தக் காலம் நீடித்தது.

அதே குடும்பத்தில் காட்டுப் போருக்கென்று 1944-இல் ஒரு குட்டைத் துப்பாக்கி செய்தார்கள். சாதாரணத் துப்பாக்கி ஏறக்குறைய ஒன்பது இராத்தல் என்றால், இது ஏழு இராத்தல்தான். மலாயாக் காடுகளில் பிரிட்டிஷ் படைகள் இதைப் பரவலாகப் பயன்படுத்தின. ஆனால் ஒரு நாள் சரிபார்த்து வைத்த குறி அடுத்த நாள் வேறு இடத்தில் நிற்கிறது என்று படையினர் குறை கூறினர். 1947-இலேயே அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மரம் மட்டுமே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். எடையைக் குறைப்பதற்காக இரும்பையே பல இடங்களில் குடைந்திருந்தார்கள். இன்னொரு செய்தி நம்மவர்களுக்குச் சுவையாக இருக்கும். எடை குறைந்ததால் அந்தத் துப்பாக்கி தோளைக் கடுமையாக உதைத்தது. அதைத் தாங்க அடிக்கட்டையின் முடிவில் ரப்பர் மெத்தை ஒன்று வைத்தார்கள். மெத்தையோ குறுகலானது; நாளடைவில் ரப்பர் இறுகிக் கல்லாகியும் போயிற்று. பழைய ரப்பர் என்ன ஆகும் என்று ரப்பர்த் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கண்ணாடி நாருக்கு வருவோம். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர், உருகிய கண்ணாடியை ஆவியின் வேகத்தால் ஊதி மெல்லிய நார்களாக்கும் வழியைக் கண்டார். கண்ணாடி உடையும் பொருள்தான். ஆனால் முடியைவிட மெல்லியதாக இழுத்துவிட்டால் வளையும், இழுத்தாலும் எளிதில் அறாது. அந்த நார்த் துணியைப் பிசினில் நனைத்து அச்சில் படியவைத்தால், இறுகியபின் மரத்தைவிட உறுதியான ஓடு கிடைக்கும். படகு, தண்ணீர்த் தொட்டி, மோட்டார் வண்டியின் உடல் எல்லாம் இதில் செய்யப்பட்டன. தண்ணீரில் ஊறிப் பருக்காது, உளுக்காது, கறையான் தொடாது.

மரமில்லாத கட்டையை மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். 1959-இல் ரெமிங்டன் நிறுவனம் நைலானில் கட்டை செய்த சிறு துப்பாக்கி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொம்மைத் துப்பாக்கி என்று பலர் சிரித்தார்கள். அந்த ஆண்டிலேயே நிறுவனத்தைச் சேர்ந்த டாம் ஃபிரை என்பவர், மேலே எறிந்த மரத்துண்டுகள் 1,00,010-ஐ அதனால் சுட்டு, ஆறே ஆறைத்தான் தவறவிட்டார். சிரிப்பு அடங்கியது. அது விளம்பர வித்தைதான் என்றாலும் வேலை செய்தது. 1960-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் செட் பிரவுன், லீ சிக்ஸ் முதலானவர்கள் கண்ணாடி நாரில் கட்டை செய்யத் தொடங்கினார்கள். குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள்தாம் முதலில் அவற்றை வாங்கினார்கள்.

ஆனால் மரத்தின் மேல் இருந்த நம்பிக்கையை உண்மையில் உடைத்தது வியட்நாம். 1966-இல் அமெரிக்க மரைன் படையினர், தொலைவிலிருந்து குறிபார்ப்பதற்கென்று தேர்ந்த துப்பாக்கிகளை அங்கே அனுப்பினார்கள். கட்டை வால்நட். உலர்ந்த நாட்டில் சரிபார்த்த துப்பாக்கி, நம் நாட்டைப் போன்ற ஈரக் காற்றும் மழையும் உள்ள காட்டுக்குப் போனதும் கட்டை பருத்துக் குழலை அழுத்தியது, குறி நகர்ந்தது. 1970-களில் அவர்கள் அதே இரும்பு உடலுக்குக் கண்ணாடி நார்க் கட்டை பொருத்தினார்கள். கட்டைகளைச் செய்து கொடுத்தவர் அரிசோனாவைச் சேர்ந்த கேல் மெக்மில்லன். துப்பாக்கி பழையது, கட்டை புதியது. இந்த வழியைப் பார்த்த சாதாரண வேட்டைக்காரர்களும் தங்கள் பழைய துப்பாக்கிகளுக்கு அதையே செய்யலானார்கள்.

அமெரிக்கக் கிராமங்களில் பழைய துப்பாக்கிக்குக் குறைவில்லை. போருக்குப்பின் ஸ்பிரிங்ஃபீல்டு, மௌசர் போன்ற படைத் துப்பாக்கிகள் மலிவாகக் கைமாறின. கடிதம் எழுதினால் தபாலில் வந்தன. 1963-இல் அதிபர் கென்னடியின் உயிரைக் குடித்ததும் அப்படித் தபாலில் வாங்கிய ஒரு பழைய இத்தாலியப் படைத் துப்பாக்கிதான். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தபால் வியாபாரத்தை அடைத்தது. துப்பாக்கியைத்தான் அடைத்ததே தவிரக் கட்டையை அல்ல. மிசூரி மாநிலத்தில் வார்சா என்னும் சிற்றூரில் பிஷப், ஃபேஜன் என்ற இரு நிறுவனங்கள் அரைகுறையாகக் குடைந்த மரக் கட்டைகளை நெடுங்காலம் விற்று வந்தன. கண்ணாடி நார்க் கட்டையும் அதே வழியில் முடிக்கப்படாத நிலையில் விற்கப்பட்டது. முடித்துக் கொடுத்தால் கூலி அதிகம் என்பது ஒரு காரணம். யாருடைய துப்பாக்கி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, யாருடைய கை எவ்வளவு நீளம் என்று தொழிற்சாலைக்குத் தெரியாது என்பது மற்றொரு காரணம்.

முடிக்காத கட்டை பார்ப்பதற்கு அழகாக இராது. சாம்பல் நிறத்தில், இரண்டு அச்சுகள் கூடிய இடத்தில் ஒரு தழும்புக் கோடு ஓட, ஊசி குத்தினாற்போல் சிறு துளைகளோடு இருக்கும். அதைத் தேர்ந்தெடுப்பதிலேயே கவனம் வேண்டும். முதலில் குழலின் உருவம். பழைய மௌசர்க் குழல் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டு போகும். வேட்டைத் துப்பாக்கியின் குழலோ சரிவாகச் சிறுக்கும். ஒன்றுக்குச் செய்த கட்டையில் மற்றது உட்காராது. அடுத்தது கன்னம் படும் மேடு. பழைய படைத் துப்பாக்கியில் குறிமுள் தாழ்ந்திருந்ததால் மேடும் தாழ்ந்திருந்தது. தொலைநோக்கி பொருத்தினால் கண் உயர வேண்டும், ஆகவே மேடும் உயர வேண்டும். மூன்றாவது, விசையிலிருந்து அடிக்கட்டையின் முடிவு வரை உள்ள நீளம். சராசரி ஆளுக்குப் பதின்மூன்றரை அங்குலம் சரியாக இருக்கும். இது புதிய ஞானமல்ல. முதல் உலகப் போரிலேயே லீ என்ஃபீல்டுக்கு நெடியவருக்கு ஒன்று, குட்டையானவருக்கு ஒன்று என அரை அங்குல வித்தியாசத்தில் அடிக்கட்டைகள் செய்து எழுத்து முத்திரை இட்டிருந்தார்கள். நம் ஆட்கள் உயரத்துக்கு ஏற்பக் காம்பு போட்டுக்கொள்வதில்லையா, அதுபோலத்தான்.

எடையிலும் ஒரு பேரம் இருக்கிறது. ஓடு மெல்லியதாக இருந்தால் மலையேற இலேசு. ஆனால் அந்தக் குட்டைத் துப்பாக்கியைப்போல உதை அதிகம்.

கட்டை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அது இரும்பைச் சோதிப்பது. ஸ்பிரிங்ஃபீல்டு சாலையில் 1918 வரை, உலையில் காய்ந்த எஃகின் சூட்டைத் தொழிலாளர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கணித்தார்கள். அனுபவசாலிகள்தாம். ஆனால் வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் சிவந்த இரும்பு மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து அதிகம் காய்ச்சிவிடுவார்கள். அளவுக் கருவி கொண்டு பார்த்தபோது, கண் கணிப்பு சில நாட்களில் 300 பாரன்ஹீட் பாகை வரை தவறியிருந்தது தெரியவந்தது. அப்படி எரிந்த எஃகு கண்ணாடிபோல உடையக்கூடியது. 1917-இல் சில துப்பாக்கிகள் சுடுபவரின் முகத்தருகே வெடித்தபின்தான் இது கண்டுபிடிக்கப்பட்டு, முறை மாற்றப்பட்டது. எட்டு இலட்சத்துக்குக் கீழ்ப்பட்ட எண்ணுள்ள ஸ்பிரிங்ஃபீல்டுகளை அதனால்தான் சுடுவதற்கு ஆகாதவை என்று அறிந்தவர்கள் ஒதுக்குகிறார்கள். அவற்றுக்கு எவ்வளவு உயர்ந்த கட்டை போட்டாலும் பழைய எஃகு பழைய எஃகுதான். பளபளப்பான புதுக் கட்டையைப் பார்த்து ஏமாறுகிறவருக்குத்தான் ஆபத்து. குற்றம் அந்தத் தொழிலாளர்கள்மேல் என்று நமக்குத் தோன்றவில்லை. அளவுக் கருவியைக் கொடுக்காமல் கண்ணை நம்பச் சொன்னவர்கள் வேறு யாரோ.

இரும்பு நல்லதென்று துப்பாக்கிக் கொல்லர் சொன்னபின், பொருத்தும் வேலை தொடங்குகிறது. முதலில் குண்டு இல்லை என்று இருமுறை பார்ப்பார்கள். பிறகு பள்ளத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்து இரும்பு உடல் எங்கும் இறுகாமல் உட்காரும்படி செய்வார்கள். கண்ணாடித் தூள் தோலில் பட்டால் சொறியும், மூச்சில் போனால் கெடுதி. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் தேய்க்க வேண்டும். திருகாணி இறுகும்போது ஓடு நசுங்காதிருக்க அலுமினியக் குழாய்த் துண்டுகளைத் தூண்போல் நிறுத்துவார்கள்.

அதன்பின் வருவதுதான் உயிர்நாடியான வேலை. ஆங்கிலத்தில் அதைப் படுக்கையிடுதல் என்று பொருள்படப் பெட்டிங் என்கிறார்கள். பிசினையும் கெட்டிப்படுத்தும் மருந்தையும் அளவாகக் கலந்து பள்ளத்தில் இட்டு, அதன்மேல் இரும்பு உடலை வைத்து அழுத்தினால், இறுகியபின் அந்த இரும்பின் அச்சு அப்படியே பதிந்துவிடும். கரியைப் பூசி மேடு பார்த்துச் சீவிய பழைய தச்சரின் வேலையைப் பிசின் தானே செய்கிறது. ஆனால் முன்னேற்பாடு கவனமாக இருக்க வேண்டும். துளைகளையெல்லாம் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைக்க வேண்டும். உதையைத் தாங்கும் பல்லின் பின்முகம் மட்டும் பிசினில் படியும்படி, மற்றப் பக்கங்களில் ஒட்டுத்தாள் ஒட்டி இடைவெளி விட வேண்டும். இரும்பு முழுவதும் மெழுகு தடவ வேண்டும். ஓர் இடத்தில் மெழுகு மறந்தால் போதும், இரும்பும் கட்டையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பிறகு முழுத் துப்பாக்கியையும் குளிர்ப்பெட்டியில் வைத்து, இரும்பு சுருங்கி விடுபடுமா என்று காத்திருக்க வேண்டியதுதான். கைதேர்ந்தவர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது.

ஒரு நாள் முழுவதும் இறுகவிட்டுப் பிரித்தபின் சோதனை. குழலும் கட்டையும் சேரும் நுனியில் விரலை வைத்துக்கொண்டு முன் திருகாணியைத் தளர்த்துவார்கள். குழல் துள்ளி எழுந்தால் படுக்கை சரியில்லை. இரும்பை வளைத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். விரலுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் நல்லது. பிறகு குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தாளை நுழைத்து, நுனியிலிருந்து பூட்டு வரை இழுத்துப் பார்ப்பார்கள். எங்கும் தடையின்றிப் போனால், மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் கட்டை குழலைத் தொடாது. கடைசியாகத் தழும்பைத் தேய்த்து, ஊசித் துளைகளை அடைத்து, சாயம் பூசினால் வேலை முடிந்தது.

இந்த வேலை முடிந்ததும் கழற்றிப் போட்ட பழைய வால்நட் கட்டை மூலையில் கிடக்கும். 1950-களிலும் 60-களிலும் பலர் அதை இரண்டாக அறுத்தார்கள், இரும்பிலும் துளை போட்டார்கள். பின்னாளில் பழைய துப்பாக்கியை அதன் முழு உருவில் தேடுவோர் வந்தபோது அவர்கள் கையில் ஒன்றுமில்லை. கண்ணாடி நார்க் கட்டையை விவரமாகப் பொருத்துகிறவர் இரும்பை வெட்டுவதில்லை, புதுக் கட்டையைத்தான் இரும்புக்கேற்பத் தேய்க்கிறார். திருகாணிகளைக் கழற்றினால் பழையது திரும்பிவிடும். ஆகவே பழைய கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, வீட்டின் உலர்ந்த இடத்தில் வைக்கிறார்கள். ஸ்பிரிங்ஃபீல்டுக் கட்டையாக இருந்தால் அதன் இடப்பக்கத்தில் சிறு கட்டம் ஒன்று பதிந்திருக்கும். அந்தக் கட்டையைச் சோதித்து அனுப்பிய அதிகாரியின் பெயரெழுத்துகள் அதற்குள் இருக்கும். கடைந்தவர்களின் பெயர் இராது.